பொங்கலூர் வீட்டில் ஏழு கடிதங்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இது போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

என் பெயர் சித்ரகலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். என்னை வளர்த்தது அம்மாவைப் பெற்ற அப்புச்சி, மாரப்பன். அவருடைய அண்ணன் சென்னியப்பன் இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போனவர். பர்மாவிலேயே இறந்துவிட்டார் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வோம்.

"போனவரு ஒரு கடுதாசிகூடப் போடல கண்ணு" என்று அப்புச்சி அழுவார். கூடச் சேர்ந்து நானும் அழுதிருக்கிறேன்.

சென்னியப்பனின் ராணுவப் பதிவேட்டு நகலைக் கேட்டு எழுத நினைத்தேன். அதற்கு அவருடைய படை எண் வேண்டும். அப்புச்சி இறந்தபின் ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பொங்கலூர் வீட்டில் ஏதாவது காகிதம் இருக்கலாம். சாவி மோகன்ராஜ் மாமாவிடம் இருந்தது. அப்புச்சியின் ஒரே மகன்.

"அங்க என்ன கண்ணு இருக்குது? உட்று."

"ஒரு நம்பர் மட்டும்தானுங்க மாமா."

அரை மனதாகத்தான் கொடுத்தார்.

மதியம் 2.40. கரண்ட் இல்லை. அப்புச்சியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய வேட்டிக்குள் சுற்றி... ஏழு கடிதங்கள். பட்டாளத்துத் தபால் முத்திரை. அனுப்பியவர் சென்னியப்பன். பெயருக்குக் கீழே படை எண்.

ஏழில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.



2.55. புறவாசலில் சத்தம். டக்... டக்... டக்...

லாடம் அடித்த பூட்ஸ்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வெயில். வெறும் மண்தரை. மண்ணில் எப்படி இந்தச் சத்தம்?

கதவருகே வந்து நின்றது.

"மாரப்பா..."

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"நாந்தான்டா. கதவத் தொற."

வெகுதூரம் நடந்து களைத்த குரல். தாழ்ப்பாள் மெல்ல ஆடியது...

அப்போது பதில் வந்தது. வெளியிலிருந்து அல்ல. என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க செத்துப் போயிட்டீங்கண்ணா... எழுதிக் குடுத்தாச்சு."

அப்புச்சியின் குரல்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினேன்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் கடிதங்கள் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். கடைசிக் கடிதத்தை மட்டும் பிரித்தேன். 'பங்குனிக்கு ஊர் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வண்டி கட்டி வா, தம்பி.'

மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டின் நகல் வந்தது. 1946 மார்ச் 9-ல் சென்னியப்பன் உயிரோடு படையிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கிறார். திருப்பூர் வரை ரயில் பாஸ்.

பழைய நிலப் பத்திரத்தையும் நகல் எடுத்தேன். 'என் அண்ணன் போரில் இறந்துவிட்டபடியால்' என்று அப்புச்சி கையெழுத்துப் போட்டு, பூமி முழுவதையும் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். தேதி, 1945 நவம்பர்.

இரண்டையும் மாமா முன்னால் வைத்தேன். அவர் தொடவே இல்லை.

"உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஊருக்கு வந்தவரு எங்க போனாருங்க மாமா?"

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பொறவாசல்ல அப்ப ஒரு கெணறு இருந்துச்சு கண்ணு. அந்தப் பங்குனியிலதான் அப்பா மண்ணப் போட்டு மூடுனாரு... தண்ணி நல்லாத்தான் இருந்துச்சாம்."