த/பெ சோணை

நல்லகாமன் இருபத்தெட்டு வருடம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து, ஊர் ஊராகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவர். 1978இல் ஓய்வு பெற்றதும் காளவாசலில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை பிடித்து, 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினார். வந்ததெல்லாம் கல்யாண விசாரிப்புதான். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி.

அவருக்கு ஒரு குறை இருந்தது. போகிற ஊரில் "விசாரிக்க நீங்க யாரு?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட எதுவுமில்லை. லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஒரு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் தெரிந்த குமாஸ்தா பேச்சிமுத்து சிரித்துவிட்டார்.

"அண்ணே, சைக்கிளுக்கு லைசென்ஸ் இருக்கு. ரேடியோவுக்கு இருக்கு. துப்பறியுறதுக்குக் கெடையாது. என்ன படிக்கணும், என்ன பரீட்சைன்னு எவனும் எழுதி வைக்கல."

"அப்ப எனக்குத் தகுதி இருக்கா இல்லையான்னு யாரு சொல்றது?"

"ஒங்ககிட்ட மாட்டுனவுக சொல்லுவாக."

1981 தை மாதம் ரெங்கம்மாள் வந்தார். காளவாசலிலேயே வீடு. மகள் தங்கப்பொண்ணுக்குப் பேரையூர்ப் பக்கம் ஒரு வரன். அவர் நீட்டிய தாளில் காசிமாயன், த/பெ சோணை, விவசாயம் என்று இருந்தது. ஊர்ப் பெயரும் இருந்தது.

கல்யாண விசாரிப்பு என்று சொன்னால் எந்த ஊரும் நல்லதாகத்தான் பேசும் என்பது நல்லகாமனின் அனுபவம். அதனால் காரணத்தைச் சொல்லவில்லை. காக்கிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் டீக்கடையில் போய் நின்றார்.

"சோணை மகன் காசிமாயன் எப்படிப்பட்ட ஆளு?"

கடைக்காரர் முத்திருளன் கிளாஸைக் கீழே வைத்தார். "மறுபடியுமா? அடிதடியில ஏற்கெனவே ரெண்டு கேசு கெடக்கு. கட்டுன பொண்டாட்டியும் அடி தாங்காம ஓடிப்போச்சு. இப்ப என்ன பண்ணித் தொலைச்சான்?"

பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, ஊர் சரி. ஒரு சம்மனுக்கு அது போதும். நல்லகாமன் எழுதிக் கொடுத்துவிட்டார். ரெங்கம்மாள் சம்பந்தத்தை முறித்ததோடு, சொந்தக்காரர்களிடம் காரணத்தையும் சொன்னார். பேச்சு பரவி, அடுத்த மூன்று மாதத்தில் மேலும் இரண்டு வீடுகள் காசிமாயனுக்குப் பெண் தர மறுத்தன.

வைகாசியில் ஒரு நாள் காசிமாயனின் தாய் மாயக்காள் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏய்யா, எம் மகனைப் பத்தி எழுதுன ஆளு நீதானா? எங்க ஊர்ல சோணை மகன் காசிமாயன் ரெண்டு பேரு இருக்காக. ஊரே ஒரே சாமி பேரை வச்சா வேற எப்படி இருக்கும்? எம் மகன் மோட்டார் காசி. நீ எழுதுனது வம்புக் காசியை."

"அப்பா பேரக் கேட்டுத்தான் தாயி எழுதுனேன்."

"பட்டப்பேரக் கேட்டியா?"

கேட்கவில்லை. சம்மனில் பட்டப்பெயருக்கு இடம் கிடையாது. அதை எழுதுவது மரியாதைக் குறைவு என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

"இன்னொருத்தர் இருக்காருன்னு டீக்கடையில ஒருத்தரும் சொல்லலியே."

"கோர்ட்டு ஆளு கணக்கா பையத் தூக்கிட்டு வந்து நின்னா, வம்புக் காசியத் தேடுறாகன்னு நெனைப்பாகளா, எம் மகனைத் தேடுறாகன்னு நெனைப்பாகளா?" மாயக்காள் மூச்சு வாங்கினார். "ஒன் லைசென்ஸப் புடுங்கச் சொல்லி மனுக் குடுக்கத்தான் வந்தேன். கீழ கேட்டா அப்படி ஒண்ணே கெடையாதுங்கறாக. நான் யாருகிட்டப் போக?"

மறுநாள் காலையே நல்லகாமன் ரெங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

"வேற எடத்துல பரிசம் போட்டாச்சுண்ணே," என்றார் ரெங்கம்மாள்.

மறுத்த மற்ற இரண்டு வீடுகளுக்கும் போனார். தான் எழுதியது தவறு என்று தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பிறகு பேரையூர் பஸ் ஏறி, அதே டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி தன் தவறைச் சொன்னார்.

முத்திருளன் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாண விசாரிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந்தக் காசின்னு அப்பவே கேட்டிருப்பமே!"

காசிமாயன் கிணற்று மேட்டில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். நல்லகாமன் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"தங்கப்பொண்ணு வீட்டுல சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன் தம்பி."

"அது என்ன சொல்லுச்சு?"

"வெளிய வரல. உள்ள பாத்திரம் கழுவுற சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டுச்சு."

காசிமாயன் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லகாமன் காளவாசலில் இறங்கியதும் சைக்கிள் கடையில் ஸ்பானர் கேட்டு வாங்கி, போர்டைக் கழற்றத் தொடங்கினார். கடைக்காரர் கருத்தக்கண்ணன் ஓடி வந்து ஏணியைப் பிடித்தார்.

"என்னண்ணே, கழட்டச் சொல்லி ஆர்டரா? யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் நல்லகாமன். "அந்தப் பக்கத்தைத் தாங்கிப் புடி."