ராஜஸ்தானிலிருந்து நிறுத்திய மின்விசிறி

2023 மே 16, செவ்வாய்க்கிழமை. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ். வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்தேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், பாலைக் காய்ச்சினேன். நான் ஆசிரியை; பள்ளிக்குக் கோடை விடுமுறை. ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த என் கணவர் ஏழு மணிக்குப் போன் செய்து பேசினார்.

முந்தைய லீவில் வந்தபோதுதான் அவர் கூடத்தில் கேமரா மாட்டி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அங்கிருந்தே செல்போனில் இயக்கும்படி சுவிட்சுகளை மாற்றியிருந்தார். கேமரா வழியே பேசவும் முடியும். "தனியா இருக்கே, திருட்டுப் பயம் இருக்காது" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

அன்று எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் கிடைக்காமல் கத்திரி வெயிலில் பாதி வழி நடந்தே வந்தாள். வாசலில் நிற்கும்போதே கண் சொருகியது. கையைப் பிடித்து அழைத்துப்போய் சோபாவில் உட்கார வைத்தேன். மின்விசிறியை வேகமாக வைத்து மோர் கொடுத்தேன்.

இரண்டு வாய் குடித்திருப்பாள், மின்விசிறி நின்றது.

"கரண்ட்டு பூடுச்சுங்களா யக்கா?"

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் அது அத்தனை லேசில் போவதுமில்லை. எழுந்து சுவிட்சைத் தொட்டேன். சுற்றியது. நான் உட்காருவதற்குள் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. அப்போது கேமராவிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"சோபாவுல யாரை உக்கார வச்சிருக்கே? எந்திரிச்சுக் கீழ உக்காரச் சொல்லு."

அவள் டம்ளரோடு துள்ளி எழுந்தாள். "நான் பின்பக்கமா போயி உக்காந்துக்கறேங்க யக்கா" என்று திரும்பியவளுக்குக் கால் தடுமாறியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தோளை அழுத்தி அதே இடத்தில் உட்கார வைத்தேன். பீரோ மேலிருந்த டேபிள் ஃபேனை இறக்கி, அவர் மாற்றாமல் விட்டிருந்த பிளக்கில் செருகி, அவள் பக்கம் திருப்பினேன். பிறகு நானும் அவளை ஒட்டி உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தேன்.

"இதை அங்கேருந்து நிறுத்துங்க, பார்ப்போம்."

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பாக்கறது நீங்க ஒருத்தர்தான். நல்லாப் பாருங்க. மயக்கமா வந்தவ, தெளியற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பா."

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார் இன்னும் பாத்துக்கினு இருக்காருங்களா?"

"பார்த்தா பார்க்கட்டும்."

"அப்ப இன்னொரு டம்ளரு மோரு குடுங்க யக்கா."

இருவரும் சிரித்துவிட்டோம்.

மாலையில் போனில் வெகுநேரம் வாதாடினார். எல்லாம் என் பாதுகாப்புக்காகத்தானாம். "அப்படின்னா திருடன் வர்ற பக்கம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டூலில் ஏறிக் கேமராவைக் கழற்றி, வாசல் கேட்டைப் பார்க்க மாட்டினேன். இன்றும் அவர் ராஜஸ்தானிலிருந்து எங்கள் தெருவைத் தாராளமாகக் காவல் காக்கலாம், ஆனால் என் வீட்டுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதை உள்ளே இருக்கிற நான்தான் சொல்வேன்.