எர்னஸ்டினுக்குப் பதில் சொல்லாத மனிதர்

எர்னஸ்டினுக்குக் காதில் விழுந்தாலே பற்றிக்கொண்டு வருவது ஒன்று உண்டு. ‘ம்.’

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அவள் ஒரு கதையைச் சொல்லிப் பார்ப்பாள். அவள் கணவர் கதிர்காமநாதன் மேசையில் உட்கார்ந்து கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் நிறுத்தும் இடத்திலெல்லாம், தலையை நிமிர்த்தாமலே, “ம்” என்பார்.

“கேக்கிறியளோ இல்லையோ?”

“ஓம், கேக்கிறன். சொல்லும்.”

பிறகும் அதே ‘ம்’. சுவரிடம் சொன்னாலும் இதைவிட மரியாதை கிடைக்கும் என்று அவள் வெங்காயத்தின்மேல் ஆத்திரத்தைக் காட்டுவாள்.

பதில் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அமெரிக்காவின் அலபாமாவில், கறுப்பு மக்களின் தெருவில், அவள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கத்தரியை ஓட்டியபடி கதை சொல்வார். நடுவில், “இருக்கிறீர்களா?” என்று குரல் கொடுப்பார். கடையில் உள்ள அத்தனை பேரும், “இருக்கிறோம்!” என்று கூரை அதிரக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் கதையும் நிற்கும், கத்தரியும் நிற்கும். ஒரு ஆள் கோபித்துக்கொண்டு பாதித் தலையோடு எழுந்து போய்விட்டார். மறுநாள் தொப்பியோடு வந்து, மீதிக் கதையைக் கேட்டு, மீதி முடியையும் வெட்டிக்கொண்டு போனார். பதில் வராத இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதே, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்பது அப்பாவின் சட்டம்.

எர்னஸ்டின் சிகாகோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனபோது அப்பாவின் கதைகள்தான் கைகொடுத்தன. பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கதையால் அடக்கினாள். பேச்சு பரவி, ஒரு நூலகம் கூப்பிட்டது. பிறகு பள்ளிகள், திருவிழாக்கள் என்று அழைப்பு வர, பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பனிக்கு ஒதுங்கி ஒருநாள் நூலகத்துக்குள் வந்த தண்ணீர்க் குழாய் இன்ஜினியர் கதிர்காமநாதன், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி, அவர் வேலைக்காக ஆக்லாந்து வந்து, இருபது வருஷம் ஓடிவிட்டது.

இங்கேயும் பிள்ளைகளால் தொல்லை இல்லை. தொண்டை கிழியக் கத்துவார்கள். பெரியவர்கள்தான் உயிரை வாங்கினார்கள். ஓரிடத்தில் அவளைப் பாடகி என்று அறிமுகப்படுத்தினார்கள். இன்னோரிடத்தில், மேளம் எங்கே என்று கேட்டார்கள். ஆல்பனியில் நடந்த விழாவில் ஒருவர், நடனப் பெண்கள் உடை மாற்றும்வரை கொஞ்சம் சமாளிக்க முடியுமா என்றார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவரின் ஆட்களிடம் அதையும் செய்ய முடியவில்லை. கதிர்காமநாதனின் அக்கா சரோஜாதேவியிடம் பழகி அவள் தமிழ் பேசினாள், அதுவும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அதனால் வந்த வினை கொஞ்சமல்ல. “வடை முடிஞ்சுது” என்று சொன்னாலும், “என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறா!” என்று பூரித்துப் போவார்கள். என்ன சொன்னாள் என்பது யார் காதிலும் ஏறாது. வருஷா வருஷம் அவர்களின் கலைவிழாவில் பலகாரத் தட்டுத் தூக்கினாள். ஒரு கதை சொல்லுங்கோ என்று ஒருவரும் கேட்டதில்லை. தன்னை அவர்கள் பார்க்கிறார்கள், கேட்கவில்லை என்பது அவளுக்கு வலித்தது.

இந்த வருஷம் கேட்டார்கள். கிளென் ஈடன் தமிழ்ப் பள்ளி அதிபர் வரதராஜன் வீட்டுக்கே வந்து அழைத்தார். அவர் போனதும் எர்னஸ்டின் கணவரிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

“இதுதான் முதல் தரம். அவை பதில் சொல்லாட்டி இதுதான் கடைசியும். பிறகு உங்கட ஆக்களுக்கு நான் கதையே சொல்ல மாட்டன்.”

“ம்,” என்றார் அவர்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. அவள் மேடையேறுமுன் வரதராஜன் மைக்கைப் பிடித்தார். “பிள்ளையள், ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அக்கா முதல் தரம் தமிழிலை கதை சொல்லுறா. குழப்பாமல் மரியாதையா இருக்கோணும்.” நல்ல மனிதர், நல்ல எண்ணம். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எர்னஸ்டினுக்கு.

அவள் அப்பாவின் கதையைத் தொடங்கினாள். மழை பெய்யும் மாலை, வண்டி இழுக்கும் கிழட்டுக் கழுதை, வீடு போகும் அவசரத்தில் எஜமான். “இருக்கிறியளோ?” என்று குரல் கொடுத்தாள். ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தாள், தாய் அதைப் பொத்தினாள். “‘இருக்கிறம்’ எண்டு கத்துங்கோ!” என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் அன்பாகப் புன்னகைத்து, அதிபரைப் பார்த்துக்கொண்டார்கள்.

கழுதை பாலத்தடிக்கு வந்து நின்றுவிட்டது. எஜமான் இழுத்தார், அடித்தார். கழுதை அசையவில்லை.

“இருக்கிறியளோ?”

ஃபேன் சத்தம்தான் கேட்டது. போதும் என்று நினைத்தாள் எர்னஸ்டின். நாற்காலியில் கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“ம்.”

பின்வரிசை. வேறு யார்! இங்கேயுமா என்று அவள் முறைத்தாள். கதிர்காமநாதனின் கையில் கைபேசி இல்லை. முழங்காலை ஒடுக்கி, முன்னால் குனிந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்,” என்றாள் முன்வரிசையில் சரோஜாதேவி. “கழுதை நிண்டிட்டுது. பிறகு?”

பக்கத்திலிருந்த பெரியவர், “ம்” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய பதில் அது, அதிபரின் உத்தரவுக்கும் பங்கமில்லை. எர்னஸ்டின் சந்தேகத்தோடு ஒரு வரி சொல்லி நிறுத்தினாள். மண்டபம் முழுக்க, “ம்.” இன்னொரு வரி. “ம்.” பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எஜமான் இறங்கிப் போய்ப் பார்த்து, பாலத்தின் நடுப்பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்ததைக் கண்டு, கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது, வரதராஜனே மைக்கில் ‘ம்’ கொட்டினார்.

தேநீர் குடிக்கும்போது அவள் மச்சாளைப் பிடித்துக்கொண்டாள். “அதென்ன ‘ம்’?”

“கதை கேக்கிற ஆள் ‘ம்’ கொட்டாட்டி, சொல்லுற ஆளுக்குக் கேக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?” என்றாள் சரோஜாதேவி, இதையும் ஒரு கேள்வி என்று கேட்கிறாயே என்ற முகத்தோடு. “இவன் வீட்டிலை கொட்டுறேல்லையோ?”

காரில் ஏறியதும் எர்னஸ்டின் வெடித்தாள். “இருபது வருசம்! இதுதான் பதில் எண்டு சொல்ல உங்களுக்கு ஒருநாள் வாய் வரேல்லையே? நான் ஒவ்வொரு நாளும் சுவருக்குக் கதை சொல்லுறன் எண்டு நினைச்சு...”

“நான் ஒருநாளும் ‘ம்’ கொட்டாமல் விடேல்லையே, எர்னி,” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

அவளுக்கு அழுகையும் வந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, அவருக்கு இதுவரை சொல்லாத ஒரு கதையைத் தொடங்கினாள். ஒரு வரி சொல்லி நிறுத்தினாள். அவர் கண்ணாடியில் பார்த்துப் பிரதான வீதிக்குக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எங்கை பதில்?” என்று அதட்டினாள். “கதை நிக்குது.”