மதகடியில் திரும்பாத ஜீப்

அராலியில் ஓட்டோ ஓடும் மயூரதனின் முற்றத்தில் ஒரு ஜீப் நிற்கிறது. அவனுடையதல்ல. கனடாவில் இருக்கும் மனைவியின் தம்பி சுதாகரன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து மூன்று கிழமை ஓடுவதற்காக வாங்கி விட்டது. மற்ற நாட்களில் அதைக் கழுவித் துடைத்து, சீற்று உறைகூடக் கழற்றாமல் காப்பது அத்தான் மயூரதனின் வேலை. அயலில் இருக்கும் எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மயூரதன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவன் மகள் கோபிகாவுக்கு எட்டு வயது. இழுப்பு வருத்தம். இரண்டு வருடத்துக்கு முந்தின மாரியில் அவளுக்கு மூச்சு அடைத்தபோது அதே ஜீப்பில்தான் கிளம்பினான். வீட்டு ஒழுங்கையின் மண்பாதைச் சேற்றில் சில்லு புதைந்து நின்றுவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டு, இடுப்பளவு வெள்ளத்தில் பெரிய றோட்டுக்கு நடந்தான். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அதன்பிறகு அவனுக்கு ஒரே யோசனைதான். உயரமான, ஆழப் பல் வைத்த பெரிய ரயர் போட்டுவிட வேண்டும். சுதாகரனிடம் கேட்டான்.

"போடுங்கோ அத்தான். ஆனா ஒரு இடமும் வெட்டக்கூடாது. பிறகு விக்கேலாது."

மானிப்பாயில் ரயர் மாற்றிய கொலின்ஸ் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"அண்ணை, மட்காட்டுக்கு உள்ளுக்கை கொஞ்சம் வெட்டவேணும், ஸ்பிறிங்கையும் உயர்த்தவேணும். இல்லாட்டிப் பாரம் ஏத்தித் திருப்பேக்கை ரயர் உரஞ்சும்."

"ஆரை ஏத்தப்போறன்? நானும் மனிசியும் பிள்ளையும்தானே."

தனியே ஓட்டிப் பார்த்தான். எங்கும் உரசவில்லை. வெள்ளம் வந்தால் எங்கள் ஒழுங்கையில் வெறும் மூன்று பேரோடு ஒரு வாகனமும் போனதில்லை என்பது அந்த மனிதனுக்கு எப்படி மறந்ததோ தெரியாது.

போன மாரியில் காலையிலேயே தண்ணீர் வாசல் படலையைத் தாண்டியது. கோபிகாவுக்கு நெஞ்சு குழி விழுந்து இழுத்தது. மனைவி உதயகலா அவளை மடியில் வைத்துக்கொள்ள மயூரதன் ஜீப்பை எடுத்தான். சேறு இம்முறை மறிக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் சிவக்கொழுந்து மாமி, கால் ஏலாதவர், மகளோடும் மூன்று பேரப்பிள்ளைகளோடும் தண்ணீரில் நின்றார். எப்படி விட்டுவிட்டுப் போவது? ஏற்றினான்.

மதகடி வளைவில் ஸ்ரேறிங் பாதியில் நின்றது. ரயர் மட்காட்டின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நகர மறுத்தது. பின்னெடுத்துத் திரும்பவும் முயன்றான். இறப்பர் தீயும் மணம் வந்தது. முன் சில்லுக்கு அருகே வாய்க்கால் தெரியவேயில்லை, ஒரே தண்ணீர்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குச் சொண்டு நீலிக்குது," என்றாள் உதயகலா, மகளின் உதட்டைத் தடவியபடி.

மயூரதன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்.

"மாமி, இறங்குங்கோ. எல்லாரும் இறங்குங்கோ."

கடைசிக் குழந்தையை மகள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். மாமி கதவைப் பிடித்துத் தண்ணீருக்குள் கால் வைத்தார். பாரம் இறங்கியதும் ஜீப் திரும்பிவிட்டது. கோபிகா பிழைத்துக்கொண்டாள்.

அவர்களை ஒரு மணித்தியாலம் கழித்து மீன்பிடி வள்ளம் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மயூரதன் மன்னிப்புக் கேட்கப் போனபோது மாமி தேத்தண்ணி கொடுத்தார். பிள்ளையின் சுகம் கேட்டார்.

வெள்ளம் வடிந்ததும் அவனே இரும்பு அறுக்கும் வாளெடுத்து மட்காட்டின் உட்பக்கத்தை அறுத்தான். கொலின்ஸைக் கொண்டு ஸ்பிறிங்கையும் உயர்த்தினான். வெட்டியதைப் படத்தில் பார்த்த சுதாகரன் இன்றுவரை கதைப்பதில்லை. அதை மயூரதன் பொருட்படுத்தவேயில்லை.

இந்த மாரியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதலில் மாமி வீட்டு வாசலில்தான் ஜீப்பை நிறுத்தினான். இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"ஏறுங்கோ மாமி. இப்ப எவ்வளவு பாரமெண்டாலும் திரும்பும்."

மாமி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நீ பிள்ளையைக் கொண்டு போ தம்பி. நாங்கள் வள்ளத்துக்குச் சொல்லிப்போட்டம்."