கடலில் இருந்த ஆறு இலக்கம்

"போன் ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டபடியேதான் முஸ்பிரா கணினியைப் போடுகிறாள். வந்தவர் கதிரையில் சரியாக உட்கார்ந்துகூட இருக்கமாட்டார். பெயர், ஊர், வந்த காரியம் எல்லாம் பிறகு. பதிவு செய்த போன் இந்த நிமிடம் யார் கையில், அந்தக் கை கரையில்தான் இருக்கிறதா என்பது அவளுக்கு முதலில் தெரிந்தாகவேண்டும்.

தலைமன்னார்ப் பக்கத்துப் பொது நூலகம் ஒன்றில் அவள் உதவியாளர். புத்தகம் இரவல் கொடுப்பதுதான் நியமனக் கடிதத்தில் உள்ள வேலை. நடப்பதோ வேறு. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு என்று கந்தோர் கந்தோராக அலைந்த சனம் இப்போது அவளுடைய இரண்டு கணினிகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. பொலிஸ் அறிக்கைக்கு விண்ணப்பிக்க வந்த அப்துல் ஹமீட் காக்கா, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, திரைக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அமர்ந்தார். கடவுச்சொல்லைத் தட்டும்போது வாய்விட்டுச் சொல்லாத ஆளே இந்த ஊரில் இல்லை. உடனே முஸ்பிரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பிவிடுவாள். "எனக்குக் கேக்கேல்லை, எனக்கொண்டும் தெரியாது" என்று அவர்களைவிடப் பெரிதாகச் சத்தம் போடுவாள். பத்திரிகை வாசிக்க வந்த சிலர் அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விடுகிற மனுஷி அவள்.

போனைப் பற்றிய அந்தக் கேள்வி பிறந்தது போன சோளகக் காற்றுக்காலத்தில். மீன்பிடிக்கிற அம்புறோஸின் மகள் றொஷேல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் பதிவு செய்தபோது, அந்த வீட்டில் சார்ஜ் தீராத போன் தகப்பனுடையதுதான் என்று அவருடைய இலக்கத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, நம் முஸ்பிராவேதான். பிறகு மூன்று நாள் நூலகத்தின் இணைய இணைப்புச் செத்துக் கிடந்தது. உயிர் வந்தபோது கடைசி நாள். மாலை நான்கு மணியோடு விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். இரண்டரைக்கு றொஷேல் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், ஐந்து நிமிடத்துக்குள் பதியுங்கள் என்றது திரை.

"அப்பா கடலுக்கெல்லோ போனவர், மிஸ்."

போனும் போயிருந்தது, பொலித்தீன் பையில் பத்திரமாக. ஒரு பிள்ளையின் படிப்பு தன் கையால் கெடப்போகிறதே என்று முஸ்பிராவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அழ எங்கே நேரம்? ஓயாமல் அவருடைய போனுக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாற்பதுக்கு, வள்ளம் கரையை நெருங்கியிருக்கவேண்டும், மறுமுனையில் மணி அடித்தது.

"அம்புறோஸ் அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. இப்ப புதுசா ஆறு இலக்கம் வரும். பாத்துச் சொல்லுங்கோ."

கதைத்துக்கொண்டே குறுஞ்செய்தி பார்க்க அம்புறோஸுக்குத் தெரியாது. வைத்துவிட்டுப் பார்த்து, பாடமாக்கி, திரும்ப எடுக்கவேண்டும். முதல் தடவை எடுத்தவருக்கு மூன்றாவது இலக்கத்தோடு எல்லாம் மறந்துபோனது. திரும்ப வைத்தார், பார்த்தார், எடுத்தார். அதற்குள் ஐந்து நிமிடம் பறந்துவிட்டது. மூன்று ஐம்பதுக்குப் புதிய ஆறு இலக்கம் கடலுக்குப் போனது.

"தங்கச்சி, முதல் மூண்டையும் நான் சொல்லுறன். மிச்சம் யோசேப்பிட்டை இருக்கு."

யோசேப் அவரோடு வள்ளத்தில் போகிறவன். ஏழு, பூச்சியம், நாலு என்றார் அம்புறோஸ். முஸ்பிரா அதையே திரும்பக் கத்தினாள்; மறந்துபோகக் கூடாதென்று பத்திரிகை வாசித்தவர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். வள்ளத்தில் போன் கைமாறியது. காற்று இரைந்தது. "ரெண்டு, ரெண்டு, ஒம்பது" என்றான் யோசேப், இந்தியாவுக்கும் கேட்கட்டும் என்பதுபோல. றொஷேல் தட்டினாள். திரை சுற்றியது, சுற்றியது, இன்னும் சுற்றியது. பிறகு விண்ணப்பம் கிடைத்தது என்றது. மணி மூன்று ஐம்பத்து நான்கு.

பத்திரிகை வாசித்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பிள்ளை, எந்த விண்ணப்பம் என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

"உண்மையாப் போயிட்டுதோ, தங்கச்சி?" போனில் அம்புறோஸின் குரல் உடைந்திருந்தது.

முஸ்பிரா அச்சுப்பொறிப் பக்கம் பாய்ந்தாள். அது தள்ளிய, விண்ணப்பம் கிடைத்ததற்கான தாளை உருவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஒரு வள்ளமும் கண்ணுக்குத் தெரியாத கடலைப் பார்த்து, அந்தத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.