கறுப்புப் பள்ளத்தில் விழுந்த எலும்புச் சில்லு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் மைக் பிடித்துச் சாட்சி சொல்லச் சொன்னார் ஃபாதர். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

வெளியே வாய் திறக்காத நான் வீட்டில் கை ஓங்குவேன். எண்ணூரில், பைப் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் இடத்தில் ஃபிலிம் கழுவுகிற வேலை எனக்கு. மேஸ்திரி திட்டினால் தலையைக் குனிந்துகொள்வேன். ராயபுரம் வந்து அந்தக் கோபத்தை என் மனைவி ரோசி மேல் இறக்குவேன்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒருசந்தி நோன்பு இருந்துவிட்டுச் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு குழைந்திருந்தது. தட்டை எறிந்தேன். ரோசியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். எங்கள் ஒரே மகள் ஜான்சி, பன்னிரண்டு வயது, குறுக்கே விழுந்தாள்.

"அம்மாவ வுட்டுடு நைனா!"

அவள் வலது கையைத் தோளுக்குக் கீழே பிடித்து இழுத்துத் தள்ளினேன். முறுக்கு உடைகிற சத்தம். கை திரும்பித் தொங்கியது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ரோசியின் அண்ணன் ஓடி வந்தார். காசிமேட்டில் படகுக்குப் போகிறவர். எக்ஸ்ரே அறை வாசலிலேயே என் வாயில் குத்தினார். பல் ஒன்று விழுந்தது.

"இன்னாடா சோமாரி, வெளில பூன, வூட்டுல புலியா? கொயந்த மேல வெச்ச கைய ஒடிச்சி கடல்ல போட்டுடுவேன்!"

நான் தடுக்கவில்லை.

எலும்புக்குள் கட்டி மாதிரி தெரிகிறது, திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்க்கட்டும் என்றார் சின்ன டாக்டர். படத்தை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். எலும்பின் மேல் பக்கத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். அதன் அடியில் வெள்ளையாக ஒரு சில்லு. எங்கள் வேலையில் கறுப்புப் பள்ளம் என்றால் உள்ளே ஓட்டை. வெள்ளையாகத் தெரிந்தால் வெல்டிங் ஊசியின் முனை உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிடுவார்கள். இதில் இரண்டும் இருந்தது.

"கைய எடுத்துடுவாங்க ரோசி" என்றேன்.

அவள் என் முகத்தை நகத்தால் கீறினாள். "ஒன் கைய எடுக்கட்டும்!"

மறுநாள் கோயிலுக்குப் போனேன். கல்படியில் என் வலது கையை ரத்தம் வரும்வரை மோதினேன். "ஆண்டவரே, ரோசி சொன்னதுதான் சரி. என் கையை எடுத்துக்கொள்ளும். மகள் கையை விட்டுவிடும்." வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பெரிய டாக்டரம்மா கேட்டார்: "யார் அடிச்சது?"

வார்டு முழுக்க ஆட்கள். "நான்தாம்மா" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"கெட்ட கட்டின்னா ஓரம் கரையான் அரிச்ச மாதிரி கலைஞ்சிருக்கும். எலும்பத் தாண்டி வெளிய வரும். இதுல ஓரம் கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்கு. இந்தச் சில்லப் பாருங்க. ஒடைஞ்சப்போ மேல இருந்து அடியில விழுந்திருக்கு. உள்ள சதை இருந்தா விழுமா? தண்ணிதான் இருக்கு. புற்றுநோய் இல்ல."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எலும்பு மெலிசா இருந்துச்சுன்னு நீங்க தப்பிச்சுக்காதீங்க" என்றும் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டேன். ரோசியும் ஜான்சியும் ஐந்து மாதம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். எலும்பு கூடியது. உள்ளே இருந்த தண்ணீரை எடுத்து ஊசி போட்டார்கள். கடைசிப் படத்தில் பள்ளம் வெள்ளையாக மூடி வருகிறது. ஆண்டவருக்கு நன்றி.

உன் அடியால்தானே நோய் தெரிந்தது, அதுவும் தேவசித்தம் என்கிறார்கள் சிலர். இல்லை. அந்த அடி என்னுடையது. நான் உடைத்ததற்குள் அந்தச் சில்லை விழ வைத்தது மட்டும் அவர்.

என்னைப் போல் வீட்டில் கை ஓங்குகிறவர்களே, செய்ததை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு மண்டியிடுங்கள். அவர் கேட்பார். என் ஜெபத்தையே கேட்டாரே.

நேற்றும் சோறு குழைந்திருந்தது. ஜான்சி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் தன் தட்டில் கை வைத்தாள்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு. மாதா பிறந்தநாள்.