பித்தளைக் குழாய் தின்ற எலி

எலி பித்தளைக் குழாயைத் தின்னுமா என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். அந்தக் கிடங்கில் தின்றது. வருடா வருடம் தின்றது. குழாய், வால்வு, ஷவர் எல்லாம் தின்று, ஒரு வருடம் முழுசாக ஒரு கழுவுதொட்டியையும் விழுங்கி ஏப்பம் விட்டது.

விஷயம் இதுதான். அந்தக் குடும்பத்தின் தாத்தா காலத்தில் அது தானிய மண்டி. மூட்டையில் குறைந்தால் ‘எலிச் சேதம்’ என்று ஒரு வரி எழுதிக் கழித்துவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் தானியம் போய்க் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரம் வந்தது. மூட்டைகள் போயின, எலிகளும் போயின, அந்த வரி மட்டும் போகவில்லை. வருடக் கடைசியில் சரக்கை எண்ணிப் பார்த்து, குறைந்ததையெல்லாம் எலியின் தலையில் கட்டிவிடுவது வழக்கமாயிற்று.

எலி யார் என்பது சுமை ஏற்றுகிறவர்கள் வரை எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் தம்பி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். சின்னவர் கெட்டவர் இல்லை, கை தாராளம், அவ்வளவுதான். சிநேகிதன் வீடு கட்டினால் ஷவர், மைத்துனன் கடை போட்டால் வால்வு. கிடங்கு வாசலில் காரை நிறுத்தி, “நாலு எடுத்து வைப்பா” என்பார். சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது.

கிடங்குக்குப் பொறுப்பு சாவியக்கா. கல்யாணமான புதிதில் வாஷர், திருகாணி பொட்டலம் கட்டுகிற மேசைக்கு வேலைக்கு வந்தவள். “கை அளவுக்கு அள்ளிப் போடு, போதும்” என்று மேஸ்திரி சொன்னபோது, “யார் கை அளவுக்கு? உங்களுதா, என்னுதா?” என்று கேட்டு அன்றைக்கே அவரோடு வாக்குவாதம். ஆனால் அவள் கட்டிய பொட்டலத்தில் குறை என்று எந்தக் கடைக்காரரும் திரும்பி வந்ததில்லை. மேஸ்திரி போன பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. அதன் சத்தம் முதலில் வரும், அரட்டை நிற்கும், பிறகுதான் அவள் வருவாள். சின்னவர் எடுத்துப் போகும்போதெல்லாம், “ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்று கேட்பாள். “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார் அவர். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

போன வருடம் எண்ணி முடித்தபோது எலி வழக்கத்தைவிட அதிகமாகவே தின்றிருந்தது. சின்னவர் வாசலில் நின்றுகொண்டு எல்லார் முன்பும் சொன்னார்:

“எலி வருஷத்துக்கு வருஷம் கொழுத்துக்கிட்டே போகுதே! இடுப்புல சாவிக்கொத்து கட்டின எலியா இருக்குமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்தவர்களும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். சாவியக்கா கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் கேட்டுவிட்டுக் கொதித்தார். “விட்டுத் தொலை அந்த வேலையை! ஊர்ல வேற குடோனே இல்லையா?”

“விட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? மாட்டிக்கிட்டதும் ஓடிட்டா பாருன்னுவாங்க. ஓடுறது எலிக்குப் பழக்கம். நான் எங்கயும் போகல.”

“அப்ப என்னதான் பண்ணப் போற?”

“தெரியல. ஆனா அடுத்த வருஷம் அந்த வரியில என் பேரை ஒளிச்சு வைக்க விடமாட்டேன்.”

அதற்கு வழி தானாகவே வந்தது. இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி விற்றுவிட்டு, கடைக்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கிப் பெரியவருக்கு அலுத்துப் போயிருந்தது. கிடங்கு இருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் வாங்குவது என்று முடிவு செய்தார். “தினம் அதோட மல்லுக்கட்டப் போறவ நீதான். நீயும் வந்து உக்காந்து எது தேவலைன்னு சொல்லு” என்றார்.

முதலில் வந்தவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். திரை முழுக்கக் கலர் கலராகக் கோடுகள் ஏறி இறங்கின. அடுத்த மாதம் எத்தனை குழாய் விற்கும் என்பதை இன்றைக்கே அது சொல்லிவிடுமாம். சாவியக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சரக்கு வெளிய போகணும்னா யார் பேராவது போட்டே ஆகணுமா?”

“ஸ்டாஃப்னா ஆமா மேடம். முதலாளிங்களுக்கு மாஸ்டர் பாஸ்வேர்ட் உண்டு. பேரும் வேண்டாம், காரணமும் வேண்டாம். நினைச்சா பதிவையே அழிச்சிடலாம்.” பெருமையாகத்தான் சொன்னார்.

சின்னவர் மேசையைத் தட்டினார். “அப்படிச் சொல்லு! சொந்த வீட்டுக்குள்ள போக யார்கிட்ட அனுமதி வாங்கணும்?”

இரண்டாமவருடையது கைபேசியில் மட்டும் ஓடுவது. சாவியக்கா அவரைக் கிடங்கின் கடைசியில் பைப் அடுக்குகளுக்கு நடுவே கூட்டிப்போனாள். கைபேசி மூச்சை நிறுத்திவிட்டது. “டவர் கிடைக்கிற இடத்துல சரக்கை வச்சுக்கலாமே மேடம்” என்றார் அவர்.

“இங்க டவர் கிடைக்கிறது கக்கூஸ்ல மட்டும்தான். பைப்பை அங்க அடுக்கவா?”

மூன்றாவதாக வந்தவள் ஒரு சளி பிடித்த பெண். மூக்கைத் துடைத்துக்கொண்டே கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கணினியைத் திறந்தாள். அவளிடமும் அதே கேள்வி.

“பேர் போட்டே ஆகணும்க்கா. யாரா இருந்தாலும்.”

“முதலாளியா இருந்தா?”

“அவருக்கும் பேர் இருக்கும்ல?”

“பதிவை அழிக்க?”

“முடியாது. தப்பாயிட்டா எதிர்ப்பதிவு போட்டு நேர் பண்ணலாம். ரெண்டும் அப்படியே நிக்கும்.” தும்மிவிட்டுத் தொடர்ந்தாள். “சரக்கு குறைஞ்சா என்ன காரணம்னு ஒரு பட்டியல் ஏத்தணும். உடைஞ்சது, துருப்பிடிச்சது… வேற என்ன?”

“எலி!” என்று சின்னவர் சிரித்தார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அதையும் தட்டினாள்.

“அதை எடுத்துடும்மா” என்றாள் சாவியக்கா. சின்னவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

சாயங்காலம் பெரியவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த எலி மேல கை வைக்காதம்மா. அப்பா போனதுல இருந்து எங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில சாப்பிட வைக்கிறது அதுதான். இது எங்க போச்சுன்னு நான் கேட்டா, பங்கைப் பிரிச்சுக் குடுன்னு அவன் கேப்பான்.”

சாவியக்காவுக்கு ஒரு நிமிடம் மனசு இளகியது. அண்ணன் சொல்வதில் பொய் இல்லை.

“உங்க மேசை நல்லா இருக்கட்டும் ஐயா. அதுக்காக நான் எலியாக முடியாது.”

“உன்னை யாரும்மா சொன்னது?”

“வாசல்ல வச்சுச் சொன்னாரே. நீங்களும் சிரிச்சீங்க.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் சட்டைக்காரர் ஒப்பந்தத்தோடு வந்துவிட்டார். சின்னவர்தான் வரச் சொல்லியிருந்தார். எதிரே பெரியவரும் உட்கார்ந்திருந்தார். தாள்களில் ஒன்று ‘இருப்புப் பொறுப்பாளர்’ கையெழுத்துக்கானது. சரக்கில் குறைவு ஏற்பட்டால் முழுப் பொறுப்பும் கீழே கையெழுத்திடுபவருடையது என்று அதில் இருந்தது. சின்னவர் அதை அவள் பக்கம் தள்ளினார். “போடு, சாவி.”

சாவியக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். அந்தத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

“கதவு உங்களுக்குத் திறக்கும், பேர் மட்டும் என்னுதா? இந்த சாஃப்ட்வேர்தான்னா நீங்களே கையெழுத்துப் போடுங்க. சாவியையும் வச்சுக்கங்க. நான் பொட்டலம் கட்டுற மேசைக்கே போறேன்.”

“மிரட்டிப் பாக்குறியா?”

“எது தேவலைன்னு ஐயா சொல்லச் சொன்னாங்க. சொல்றேன்.”

“கையெழுத்துதானே, பெரிய கையெழுத்து!” சின்னவர் பேனாவைத் திறந்தார். சாவிக்கொத்தை நகர்த்திவிட்டுத் தாளைப் படித்தார். பேனா அந்தரத்தில் நின்றது. இன்னொரு முறை படித்தார். பிறகு மூடியை மாட்டிப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“எனக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்? நான் என்ன குடோன்லயா உக்காந்திருக்கேன்?”

பெரியவர் அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என்ன செய்கிறான் என்பது அவருக்குப் புதிதல்ல. அதற்குப் பொறுப்பேற்காமல் நழுவுவதைத் தன் கண்ணெதிரே, மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்ததுதான் புதிது.

“சாவியை எடுத்துக்கம்மா” என்றார் கடைசியில். “அந்தச் சளி பிடிச்ச பொண்ணை வரச் சொல்லு.”

அவளுடைய மென்பொருள் வந்தது. அடுக்குக்கு அடுக்கு எண் ஒட்டினார்கள். பழைய பாக்கியை யாரும் கிளறவில்லை. சின்னவர் கொஞ்ச நாள் கிடங்குப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் கார் வந்தது.

“ரெண்டு ஷவர் எடுத்து வைப்பா.”

யாரும் அசையவில்லை. சாவியக்கா திரையை அவர் பக்கம் திருப்பினாள். “பேர் கேக்குதுங்க.”

“பழையபடி எலின்னு போடேன்.”

“எலிக்கு லாகின் கிடையாதுங்க.”

சுமைக்காரர்கள் பைப்பைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். சின்னவர் அவர்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு ஒற்றை விரலால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். சீட்டு வெளியே வந்தது. சாவியக்கா அதைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தாள். “பத்திரமா வச்சுக்கங்க. திருப்பித் தரணும்னா இது வேணும்.”

அண்ணன் தம்பி சாப்பாட்டு மேசை என்ன ஆயிற்று என்று கேட்டால், சில நாள் பேச்சில்லாமல் நடந்தது, ஆனால் நடந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, சுமைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். “அக்கா! எலி! நெசமாவே எலி!” ரப்பர் வாஷர் பெட்டி ஒன்றைக் குதறிப் போட்டிருந்தது. அன்றைக்குச் சின்னவரும் அலுவலக அறையில் இருந்தார். செய்தி எட்டியதும் சந்தோஷமாக எட்டிப் பார்த்தார்.

“இப்ப என்னன்னு போடுவே சாவி? பட்டியல்லதான் எலியே இல்லையே!”

சாவியக்கா ‘சேதம்’ என்று போட்டாள். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலக அறைக்குப் போய், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே மேசையில் கவிழ்த்தாள். கடிபட்ட வாஷர்களும் அட்டைத் துணுக்குகளும் கொட்டின. ஒரு வாஷரை எடுத்து விளிம்பைக் காட்டினாள்.

“பல் பதிஞ்சிருக்கு, நல்லா பாத்துக்கங்க. எலி தின்னா இப்படித்தான் மிச்சம் வைக்கும்.”

சாவிக்கொத்துச் சத்தம் நடைவழியில் தேய்ந்து மறைந்தது.